பயனீட்டாளர் கேள்வி-பதில்: புகைமூட்ட நாளில் வாசலுக்கு வந்த இயந்திரம்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரின் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும், பெரியவர்களுக்கு இது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மற்ற மாதங்களில் கைப்பேசித் தவணை, பழைய கார் என்று கடிதங்கள் வரும். வெயிலும் புகையும் சேர்ந்துகொள்ளும் மாதங்களில் எல்லாரும் காற்றைப் பற்றியே கேட்கிறார்கள். இம்முறை நான்கு கடிதங்கள்.

கேள்வி: ஐயா, சென்ற சனிக்கிழமை இரண்டு இளைஞர்கள் எங்கள் தாமானில் வீடு வீடாக வந்தார்கள். ஒரு சிறு கருவியை மேசைமேல் வைத்து, "பாருங்கள் அம்மா, உங்கள் வீட்டுக் காற்று எவ்வளவு மோசம்" என்று சிவப்பு எண்ணைக் காட்டினார்கள். பேரனுக்கு ஆஸ்துமா. பயந்துபோய், 2,400 வெள்ளி விலையுள்ள காற்றுச் சுத்திகரிப்பானுக்குத் தவணையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மருமகன் கோபித்துக்கொள்கிறார். நான் செய்தது தவறா?

பதில்: பயந்ததில் தவறே இல்லை அம்மா. புகைமூட்டத்தில் இருக்கும் பிஎம் 2.5 என்ற நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கால் அதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் அடிவரை இறங்கி, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. வெளிக்காற்று மாசு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-இல் உறுதிசெய்தது. 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரில் காற்றுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்த நாள்களை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இளைஞர்கள் சொன்ன ஆபத்து உண்மை. கையெழுத்து வாங்கிய விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் உங்கள் உரிமை. வீடு தேடி வந்து விற்பவர்களுக்கென்றே 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் செய்த பின் யோசித்துப் பார்க்க வாங்கியவருக்கு 10 வேலை நாள்கள் உண்டு. அதற்குள், காரணமே சொல்லாமல் நீங்கள் விலகலாம். ஆனால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் அந்தத் தம்பியிடம் சொன்னால், "பார்க்கிறேன் அம்மா" என்று சொல்லியே பத்து நாளைக் கடத்திவிடுவார். ஒப்பந்த எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று ஒரே வரி எழுதுங்கள். நகல் எடுத்துக்கொண்டு நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது இயந்திரம். அது உண்மையிலேயே உதவும், அடைத்த அறையில் மட்டும். பகலில் பேரன் படுக்கும் அறைக்குள் போய்க் கதவு, சன்னல், திரை எல்லாவற்றையும் மூடி, விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நில்லுங்கள். கண் பழகியதும், வெளிச்சம் எங்கெல்லாம் கோடு போடுகிறது என்று தெரியும்: சுவருக்கும் துத்தநாகக் கூரைக்கும் நடுவில், கதவின் அடியில், சன்னலுக்கு மேல் உள்ள காற்றுத் துளைக் கற்களில். வெளிச்சம் வரும் வழியெல்லாம் புகையும் வரும். பழைய துணியும் ஒட்டுநாடாவும் கொண்டு புகைநாள்களுக்கு மட்டும் அவற்றை அடையுங்கள். இதைச் செய்யாமல் எந்த இயந்திரத்தை வாங்கினாலும் அது தோட்டத்துக் காற்றையெல்லாம் சுத்தம் செய்யப் பார்க்கும்.

அறையை அடைத்தபின் கடைக்குப் போங்கள். பெட்டியில் 'ஹெப்பா எச்13' என்று இருக்கிறதா பாருங்கள், நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியின் தரம் அது. 'ஹெப்பா வகை' என்பது வேறு, அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. பிறகு 'சிஏடிஆர்' என்ற எண். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்து தருகிறது என்பதை அது சொல்லும். 10-க்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 30 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை சுற்றிவர 150 போதும். அதற்கு 2,400 வெள்ளி தேவையே இல்லை. ஓசோன் வெளியிடுவதைத் தொடவே வேண்டாம், அது ஆஸ்துமாவைக் கிளறிவிடும். வடிகட்டி எத்தனை மாதத்துக்கு ஒன்று, விலை என்ன என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2019 புகைமூட்டம் முடிந்து என் வீட்டு வடிகட்டியைக் கழற்றினேன். வெள்ளையாக வாங்கியது, விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிபோல் இருந்தது. விரலால் தொட்டதும் கரி ஒட்டிக்கொண்டது. அதை மாற்றாமல் ஓட்டுவது வீண்.

ஒன்று கேட்கிறேன். அவர்கள் வந்த நேரத்தில் வீட்டில் தாளிப்பு நடந்ததா? சாம்பிராணி போட்டீர்களா? கொசுவத்தி எரிந்ததா? இவற்றில் எது இருந்தாலும் அந்தக் கருவி சிவப்பைத்தான் காட்டும். பேரன் அறையில் கொசுவத்தியை நிறுத்திக் கொசுவலை கட்டுவது இன்றே செய்யக்கூடியது. தடுப்பு இன்ஹேலரை நன்றாக இருக்கிறான் என்று நிறுத்திவிடாதீர்கள். அரசு கிளினிக்கில் 1 வெள்ளிக்குக் கிடைக்கும் அந்த மருந்தின் இடத்தை எந்த இயந்திரமும் பிடிக்காது.

கேள்வி: அறையைக் குளிர வைக்கும் என்று சொல்லி, தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை 399 வெள்ளிக்கு விற்றார்கள். மூன்று நாள் ஓட்டினோம். அறை புழுங்குகிறது, மெத்தை ஈரமாகிறது. கடைக்காரர் ரசீதில் உள்ள "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டுகிறார்.

பதில்: தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதுதான் ஏர் கூலரின் வேலை. ராஜஸ்தான் போன்ற வறண்ட ஊரில் அருமையாக வேலை செய்யும். நம் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. அடைத்த அறையில் ஈரம் மேலும் கூடி, வியர்வையும் உலராது. உங்கள் இயந்திரம் பழுதில்லை, நம் ஊருக்குப் பொருந்தவில்லை.

அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் என்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கினீர்களோ அதற்குப் பொருள் பொருந்த வேண்டும். அந்த உரிமையை ரசீதில் அச்சடித்துப் பறிக்க முடியாது. "குளிர வைக்கும்" என்று அவர் சொன்னதை நினைவூட்டிப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், ஊரில் 'திரிபுனல்' என்பார்களே, அங்கே போகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளிவரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டதுமே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். பணம் திரும்பக் கிடைத்தால், அதில் கூரைக்கடியில் அலுமினியத் தாள் விரியுங்கள், ஒரு நல்ல மின்விசிறி வாங்குங்கள். பகல் முழுதும் சுட்ட துத்தநாகம் இரவில் வீட்டுக்குள் இறக்கும் வெப்பத்தைத் தடுப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன், சில நாள் களைக்கொல்லியும் அடிப்பேன். புகைக்கு என்95 முகக்கவசத்தைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் குத்தகையாளர். நல்லது எது?

பதில்: தம்பி, நீங்கள் வாங்க வேண்டாம். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வேலைக்கான பாதுகாப்புப் பொருளை முதலாளிதான் தர வேண்டும், அதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. என்95 துகளைத் தடுக்கும். களைக்கொல்லியின் ஆவியை அது தடுக்காது, அதற்கு வேதி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது. வியர்வையில் நனைந்ததை மாற்றிவிடுங்கள். வானிலைத் துறை மூன்று நாள் தொடர்ந்து 35 பாகைக்கு மேல் போனாலே எச்சரிக்கை தருகிறது. அத்தகைய நாளில் கவசத்தோடு உச்சி வெயிலில் குலை வெட்டினால் உடம்பு தாங்காது. விடியலிலேயே தொடங்கி முன்னதாக முடிக்கும்படி மேற்பார்க்கும் மண்டோரிடம் கூட்டாகக் கேளுங்கள். கூட வேலை செய்பவர் உளற ஆரம்பித்தால், தோல் கொதித்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: வீட்டில் புகை நெடி தாங்க முடியவில்லை. காற்று மாசுக் குறியீடான ஐபியு 90, 'மிதமானது' என்கிறது செயலி. எதை நம்புவது?

பதில்: இரண்டையும். 100-ஐத் தாண்டினால்தான் 'ஆரோக்கியமற்றது' என்று வரும். ஆனால் துகளுக்கு அந்த எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி, இப்போது வந்த புகை அதில் மெதுவாகத்தான் ஏறும். நிலையமும் உங்கள் வாசலில் இல்லை. மூக்கு எரிந்தால் சன்னலை மூடுங்கள், எண் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.