வாசகர் கேள்வி: ஆலயத்தில் துடைப்பம் எடுப்பது யார்?

கேள்வி: ஆலயத்துக்கு உட்பட்ட அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவான எங்கள் அன்பியத்துப் பெண்கள் சிலர் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டிக் கழுவி, பீடத் துணிகளையும் துவைத்துக் கொடுக்கிறோம். திருவிழாவில் கொடிக்கும் சப்பர அலங்காரத்துக்கும் அசன விருந்துக்கும் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். எங்களை ஒருவரும் நினைப்பதில்லை. மனம் வருந்துகிறது. இது தற்பெருமையா?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தற்பெருமை என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்தவருக்குத் தம் உழைப்பு யார் கண்ணிலும் படவில்லையே என்ற வருத்தம் வருவது இயல்புதான். அதைப் பாவமாக எண்ணி மனத்தை வாட்டிக்கொள்ள வேண்டாம். திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர் முணுமுணுத்தபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருத்தூதர்கள் அவர்கள் வாயை அடைக்கவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அவர்கள்மேல் கைகளை வைத்து மன்றாடி, பந்தி விசாரணையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். திருச்சபையின் முதல் மறைசாட்சியான ஸ்தேவான் அந்த எழுவரில் ஒருவர்.

ஆனாலும் உங்கள் பெயரையும் வாசிக்கும்படி கேட்காதீர்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னது தருமம் செய்வதைப் பற்றித்தான். அப்படியிருக்க, நன்கொடையாளர் பெயர்களை ஊர் கேட்க வாசிப்பதே முதலில் நிறுத்த வேண்டிய வழக்கம் என்பது என் கருத்து. (வாசிக்காவிட்டால் வசூல் குறையும் என்று திருவிழாக் குழுவினர் சொல்வார்கள். குறைந்தால் வாணவேடிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.)

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அன்பியங்கள் அனைத்தும் முறை வைத்து இந்த வேலையைச் செய்யட்டும். ஆண்களும் இளைஞர்களும் அந்த முறையில் இருக்கட்டும். துடைப்பம், வாளி, பினாயில் ஆகியவற்றின் செலவு உங்கள் கைப்பணத்திலிருந்து போகிறதென்றால் அதைப் பங்கின், அதாவது ஆலயத்துக்கு உட்பட்ட சபையின், கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் என்ற முறையில் உங்களில் ஒருவர் வழிபாட்டுக் குழுவில் உட்கார வேண்டும் என்றும் கேளுங்கள். மெழுகுதிரித் தட்டில் உருகி உறைந்த மெழுகைச் சுரண்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது சுரண்டுகிறவருக்குத்தான் தெரியும். தட்டில் மணல் பரப்பி வைத்தால் அந்த வேலை பாதியாகும் என்ற யோசனை, சுரண்டுகிறவர் இல்லாத கூட்டத்தில் எப்படி எழும்? பீடத்தில் நற்கருணை அப்பத்தின் கீழ் விரிக்கும் திருமேனித் துகிலை முதலில் கையால் அலசி, நற்கருணைத் துகள் இருக்கக்கூடும் என்பதால் அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றிவிட்டு, அதன் பிறகே சோப்புப் போட வேண்டும் என்பதையும் இளையவர்களுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க முடியும். தாழ்மை என்பது ஒருவர் தாமாக எடுத்துக்கொள்வது. தாழ்மையின் பெயரைச் சொல்லி ஒரே ஆட்களின் தலையில் வேலையைக் கட்டுவது அதில் சேராது.

இன்னொன்றும் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பாருங்கள். பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகப் பாதம் கழுவப்படுவதற்கு அமரும் பன்னிருவர் இடத்தைக் கௌரவப் பதவிபோல் ஆக்கிவிட்ட ஊர்களும் உண்டு. அந்தச் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று வத்திக்கான் 2016ஆம் ஆண்டு சனவரியிலேயே ஆணை வெளியிட்டுவிட்டது. சனிக்கிழமை ஆலயத்தைக் கழுவுகிறவர்கள் வியாழனன்று அங்கே அமர்வது மிகப் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்று, சென்னையில் ஒரு பங்குக்குக் குடிவந்திருக்கிறேன். பங்கில் பணி செய்ய ஆசை. பங்குப்பேரவைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா?
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: இப்போது வேண்டாம். திருச்சபைச் சட்டம் 536இன்படி பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. பங்கை அறியாதவர் என்ன ஆலோசனை சொல்வார்? முதலில் வின்சென்ட் தே பவுல் சபையில் சேருங்கள். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை அது. உறுப்பினர்கள் வழக்கமாக இருவர் இருவராக ஏழைகளின் வீடு தேடிப் போவார்கள். அந்த வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேச மாட்டார்கள். கூட்ட முடிவில் சுற்றிவரும் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பதும் மற்றவருக்குத் தெரியாது. பண உதவியைவிட நோயாளிகளைச் சந்திப்பதும் செபிப்பதும் உங்களுக்கு ஒத்துவரும் என்றால் மரியாயின் சேனை என்ற பக்த சபை இருக்கிறது. அங்கே பொருளுதவி செய்யக் கூடாது, ஆனால் வாரந்தோறும் கூட்டத்துக்கு வருவதோடு இரண்டு மணி நேரமாவது பணி செய்தாக வேண்டும். இரண்டில் எதுவானாலும், எந்தத் தெருவில் மருந்து வாங்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து நின்றுவிட்டது என்பதெல்லாம் ஓராண்டில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு பேரவையில் நீங்கள் பேசினால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

கேள்வி: எல்லாரும் இலவசமாகப் பணி செய்யும்போது ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளைக்கும் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்கும் மட்டும் சம்பளம் எதற்கு?
– வாசகர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நாம் ஓய்வு நேரத்தைக் கொடுக்கிறோம், அவர்கள் பிழைப்பு நேரத்தைக் கொடுக்கிறார்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் செபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைகள் என்ற உபதேசியார்களை ஏற்படுத்தியபோது அவர்களுக்குச் சம்பளத்துக்கும் வழி செய்தார். போர்த்துகீசிய அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைக் கேட்டு வாங்கி அதற்குப் பயன்படுத்தினார். திருச்சபைச் சட்டம் 231உம், திருச்சபைப் பணிக்கெனத் தங்களையே கொடுக்கும், குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியமும் மருத்துவப் பாதுகாப்பும் உரிமை என்கிறது. உங்கள் பங்கின் கோயில்பிள்ளைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்று நிதிக்குழுவிடம் கேட்டுவிட்டு, அந்தத் தொகையில் ஒரு குடும்பம் நடக்குமா என்று எனக்கு எழுதுங்கள்.