ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கென் டிரைடன் 31 வயதிலேயே ஏன் விலகினார்? பிறகு என்ன செய்தார்?

காயமோ ஃபார்ம் போனதோ காரணம் இல்லை. 1979ல் விலகியபோது அவருடைய அணியான கனடாவின் மாண்ட்ரியல் கனேடியன்ஸ், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து நான்காவது முறையாக வென்றிருந்தது. எட்டே சீசனில் ஆறு கோப்பை! ஆட்டம் மட்டுமே வாழ்க்கை என்று அவர் ஒருநாளும் இருந்ததில்லை. ஆடிக்கொண்டே மெக்கில் பல்கலையில் சட்டம் படித்தவர். 1973ல் சம்பளத் தகராறு வந்ததும், சரி போங்கள் என்று ஒரு சீசன் முழுக்க ஆடாமல் டொராண்டோ வக்கீல் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போய்விட்டார். அவர் இல்லாத அணி அந்த ஆண்டு கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகளான பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆட்டம் எதிர்முனையில் நடக்கும்போது மட்டையை நட்டு, அதன் நுனியில் கைகளையும் முகவாயையும் வைத்து நிற்பாரே, அந்த நிதானம்தான் இங்கேயும்.

அப்புறம் புத்தகங்கள் எழுதினார். 1997 முதல் சில ஆண்டுகள் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற இன்னொரு ஐஸ் ஹாக்கி அணியின் நிர்வாகத் தலைவர். 2004ல் கனடா நாடாளுமன்றத்தில் லிபரல் கட்சி எம்.பி., உடனே சமூக மேம்பாட்டு அமைச்சர். குழந்தைகள் பராமரிப்புத் திட்டத்துக்குப் பத்து மாகாணங்களையும் சம்மதிக்க வைத்தார். என்னைக் கேட்டால், கோப்பைகளைவிட இது கஷ்டமான வேலை. 2006ல் ஆட்சி மாறியது, புதிய அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்தது. 2011 தேர்தலில் தோற்றார். 2025 செப்டம்பரில், 78 வயதில் காலமானார்.