தூக்கி எறிஞ்ச பட்டம் எங்க போச்சு?

கேள்வி: பிரிட்டன்ல அலெக் டக்ளஸ்-ஹோம்னு ஒரு ஸ்காட்லாந்து பிரபு, பிரதமர் ஆனதும் பரம்பரை பட்டத்தையே தூக்கி எறிஞ்சுட்டு சாதாரண எம்.பி.யா நின்னாராமே! அரசியல்ல இதைவிடப் பெரிய தியாகம் உண்டா?

பதில்: தியாகம்னு சொல்லாதீங்க, ப்ளீஸ். பிரதமர் நாற்காலி கையில வந்த பிறகு, அதுல உட்கார்றதுக்கு இடைஞ்சலா இருந்த ஒண்ணை அவர் கழட்டி வெச்சார், அவ்வளவுதான். பரம்பரைப் பட்டம் இருந்தா பிரபுக்கள் சபைதான், மக்கள் சபையில எம்.பி. ஆக முடியாது. முதல்ல பேரு, எழுதுறது ஹோம்னாலும் சொல்றது ஹ்யூம்னுதான். 1963 சட்டப்படி ஒருத்தர் பட்டத்தை விடலாம், ஆனா அது அவர் ஆயுசு வரைக்கும்தான், வாரிசுக்கு உள்ளது வாரிசுக்கு. 1995 அக்டோபர்ல 92 வயசுல இவர் இறந்ததும் மகன் டேவிட் 15வது ஏர்ல் ஆயிட்டார், அதாவது அதே பரம்பரைப் பட்டம் அவருக்குப் போச்சு. இவருமே 1974ல வாரிசுக்குப் போகாத ஆயுட்கால பிரபுவா அதே பிரபுக்கள் சபைக்குத் திரும்பிப் போனார். எறிஞ்சது எங்கங்க?

அந்த சட்டத்துக்காக நிஜமாவே அடிபட்டவர் டோனி பென், லேபர் கட்சிக்காரர். 1960ல அப்பா இறந்ததும் வேண்டாத பட்டம் வந்து தலைல உட்கார்ந்துச்சு, எம்.பி. பதவி போச்சு, இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சும் சபைக்குள்ள விடல, மூணு வருஷம் விடாம போராடினார். அவர் திறந்த கதவு வழியா சில மாசத்துலயே எதிரணியான கன்சர்வேடிவ் கட்சி பிரபு ஹ்யூம் பிரதமர் வீட்டுக்குப் போயிட்டார், உங்க கேள்வில பென் பேரே இல்லைங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

ஹ்யூம் பிரதமரா வந்த விதமும் சரியில்ல. முந்தைய பிரதமர் மேக்மில்லன் உடம்பு முடியாம விலகினப்போ கன்சர்வேடிவ் கட்சியில தலைவருக்கு ஓட்டெடுப்பே கிடையாது, பெரிய தலைங்க ஆளாளுக்கு விசாரிச்சு சொன்னதை வெச்சு ஆஸ்பத்திரி படுக்கையில இருந்தே அவர் ராணிகிட்ட ஹ்யூம் பேரைச் சொன்னார். மந்திரிகளா இருந்த இயன் மெக்லவுட், ஈனக் பவல் ரெண்டு பேரும் இவர் மந்திரிசபையில சேரவே மாட்டோம்னுட்டாங்க. 1963 அக்டோபர் 19 பிரதமர், 23 பட்டம் துறப்பு, நவம்பர் 7 ஸ்காட்லாந்துல கின்ராஸ் தொகுதி இடைத்தேர்தல், நடுவுல ரெண்டு வாரம் ரெண்டு சபையிலயும் இல்லாத ஒரு பிரதமர்! அந்தத் தொகுதிக்கு ஏற்கெனவே கட்சி தேர்ந்தெடுத்து வெச்சிருந்த ஜார்ஜ் யங்கர்ங்கிற இளைஞர் ஒதுங்கிக் கொடுத்தார், தியாகம்னா அவரைத்தான் சொல்லணும்.

அதுக்காக ஆள் தப்பானவர்னு நான் சொல்லல. 1931லயே லானார்க்ல மக்கள் ஓட்டுல ஜெயிச்சவர், 1938ல அப்போதைய பிரதமர் சேம்பர்லேனோட ஹிட்லர்கிட்ட பேச மியூனிக் போய் வந்தவர், 1940ல முதுகெலும்புல காசநோய் வந்து ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் மாவுக்கட்டோட படுத்த படுக்கையா கிடந்து அப்புறம் எழுந்து வந்தவர், 1951ல அப்பா இறந்து ஏர்ல் ஆகலைன்னா மக்கள் சபையிலயே இருந்திருப்பார். பிரதமரா ஒரு வருஷம்தான், 1964 தேர்தல்ல லேபர் 317, இவங்க 304, பெரிய தோல்வி இல்ல. பிறகு, 1970ல பிரதமரான எட்வர்ட் ஹீத்தோட மந்திரிசபையில மறுபடி வெளியுறவு அமைச்சர், 1971ல சோவியத் ஆளுங்க 105 பேரை உளவு பார்த்தாங்கன்னு நாட்டுக்குள்ள இருக்க விடாம பண்ணினார். பிரதமரா இருந்துட்டு இன்னொருத்தருக்குக் கீழ கௌரவம் பார்க்காம வேலை செஞ்சார் பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா நீங்க பாராட்டணும்னா 1965ஐ பாராட்டுங்க. இனிமே தலைவரை எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கணும்னு கட்சி விதியையே மாத்தினார், தான் எந்த வழியா உள்ள வந்தாரோ அந்த வழியைத் தானே அடைச்சார், அதே வருஷம் ஜூலைல விலகவும் செஞ்சார். அந்த விதிப்படி முதல்ல ஜெயிச்சவர் எட்வர்ட் ஹீத், பட்டமும் இல்ல பரம்பரையும் இல்ல, ஒரு தச்சரோட மகன்.