தண்ணீர் ரிப்போர்ட்டை ஊருக்கு எப்படிச் சொல்வது? – கேள்வி பதில்

கேள்வி (உசிலம்பட்டி பக்கம், கிராம சுகாதார செவிலியர்): எங்கள் ஊர் அடிபம்பில் ஃபுளோரைடு 2.4 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது மேடம். மக்களிடம் எப்படிச் சொல்வது?

பதில்: எண்ணில் ஆரம்பிக்காதீர்கள். "இந்தப் பம்புத் தண்ணியைக் குடிக்க வேண்டாம், சோறு குழம்புக்கும் வேண்டாம். குளிக்கலாம், துவைக்கலாம்." முதலில் இவ்வளவுதான். அடுத்த வாக்கியத்திலேயே குடிதண்ணீருக்கு எங்கே போவது என்று சொல்லிவிட வேண்டும். மாற்றுக் குழாயைக் காட்டாமல் எச்சரித்தால் இரண்டு நாளில் அதே பம்புக்கு வந்துவிடுவார்கள்.

எண் கேட்பவருக்கு மட்டும்: இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கைக்குழந்தை, எட்டு வயதுக்குள் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் போங்கள். நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாகிற வயது அது. ஃபுளோரைடால் அப்போது பல்லில் விழுந்த கறை பிறகு தண்ணீரை மாற்றினாலும் போகாது. பம்பிலேயே சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். பங்களாதேஷில் ஆர்சனிக் உள்ள குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் அடித்தார்கள். நோட்டீஸ் கிழிந்து போகும், பெயின்ட் நிற்கும்.

கேள்வி (மேலூர்): எங்கள் போர்வெல்லில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) 300தான். ஃபுளோரைடு இருக்காதே?

பதில்: டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. லேபில் கொடுங்கள்.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்): எங்களுக்கு எந்த அளவு விவரம் வேண்டும்?

பதில்: ஒரு பக்கம் போதும். எந்தத் தெருவில் எந்தப் பம்பு, எவ்வளவு, எந்த மாதம் எடுத்த மாதிரி. ஃபுளோரைடு எலும்பையும் தாக்கும். அதனால் மூட்டுவலி, முதுகு விறைப்பு என்று வருபவரிடம் "எந்தத் தண்ணி, எத்தனை வருஷமா?" என்று கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் முன்கை எக்ஸ்ரே. இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (பகுதிநேர நிருபர்): "புற்றுநோய் அபாயம் 20 சதவீதம் அதிகம்" என்று ஒரு காற்று மாசு ஆய்வு. அப்படியே போடலாமா?

பதில்: கூடாது. எதிலிருந்து 20? பேச்சுக்கு, பத்தாயிரம் பேரில் 50 பேருக்கு வருவது 60 ஆனாலும் 20 சதவீதம்தான். 5 பேர் 6 ஆனாலும் 20 சதவீதம்தான். இரண்டு எண்ணையும் போடுங்கள். "தரத்துக்குள் இருக்கிறது, ஆபத்தில்லை" என்றும் எழுதாதீர்கள். பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5.

கேள்வி (திருமங்கலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): தண்ணீர் ரிப்போர்ட்டை ஊர்ப் பெயர் போட்டு வெளியிட்டால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், நிலம் விலை போகாது. மறைப்பதே நல்லது.

குறுக்கீடு (செல்லம்பட்டி): நிலத்தின் விலைக்காகப் பிள்ளைகள் பல் கறுக்கணுமா சார்?

தலைமையாசிரியர்: தம்பி, கல்யாணம் தட்டிப்போன வீட்டில் வந்து இதைச் சொல்லுங்கள்.

பதில்: சாரின் பயம் நியாயமானது, தீர்வுதான் தப்பு. மறைத்த ரிப்போர்ட் எப்படியும் கசியும், கசியும்போது 2.4 என்பது 24 ஆகியிருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் போர்வெல் வைத்திருப்பவரிடம் நேரில். பிறகு கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் இருக்கிறது. ஆனால் குடிப்பதை நிறுத்தச் சொல்ல அதுவரை காத்திருக்காதீர்கள். பத்திரிகை கடைசி. ஊரையே கெட்டது என்று சொல்லாமல் பம்பு வாரியாகச் சொல்லுங்கள். ஒரே தெருவில் ஒரு பம்பு கெட்டும் அடுத்தது நன்றாகவும் இருக்கும். கல்யாணப் பேச்சுக்கு ஒரு வரி: இந்தக் கறை பரம்பரையாக வராது, தண்ணீரால் வருவது. தம்பி, கிராம சபையில் இந்தக் குரலில் பேசினால் பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு உங்கள் மேல் திரும்பும்.

கேள்வி (அலங்காநல்லூர்): டிடிஎஸ் 180 காட்டுது, குடிக்கலாமா?

பதில்: மேலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (வாடிப்பட்டி): கொதிக்க வைத்தால்?

பதில்: கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடும். ஆர்ஓ கழிவுநீரிலும் செறிந்து நிற்கும், சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கையில் அரிப்பு, தண்ணீராலா?

பதில்: தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (முதுகலை மாணவி): மாதிரி எடுப்பது எப்படி?

பதில்: ஃபுளோரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்; கண்ணாடியோடு அது வினைபுரியும். சில நிமிடம் பம்பு அடித்துத் தேங்கிய நீரை விட்டுவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு லேபில் தரும் கிருமி நீக்கிய பாட்டில், அதை அலசவே கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபுக்கு. கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒன்று. டிடிஎஸ் மீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.