தெருவோரப் புல்லில் வெள்ளிக் காசு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கே: மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கிறேன். இங்கே நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் புல் பட்டையில் ஒரு பெரியவர் காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாக மெதுவாக நடக்கிறார், திடீரென்று மண்டியிட்டுத் தோண்டுகிறார். பழைய காசு தேடுகிறாராம். தெருவோரத்தில் அப்படி என்ன கிடைத்துவிடும்?
– ஒரு வாசகி, கொலம்பஸ், ஓஹையோ

ப: கிடைக்கும், பழைய குடியிருப்பு என்றால் நன்றாகவே கிடைக்கும். காரிலிருந்து இறங்கி சாவிக்காகப் பாக்கெட்டைத் துழாவுவது அந்தப் பட்டையில் நின்றுதானே! கார் வருவதற்கு முன்னால் குதிரை வண்டியிலிருந்து இறங்கியதும், பேப்பர் பையனுக்குச் சில்லறை கொடுத்ததும், ஐஸ்கிரீம் வண்டி மணி கேட்டுப் பிள்ளைகள் காசோடு ஓடி வந்ததும் அங்கேதான். 1935-ல் ஓக்லஹோமா சிட்டியில் முதல் பார்க்கிங் மீட்டர் வந்தது. அப்புறம் கடைத்தெருக்களில் மீட்டருக்குள் போடப் போய்க் கைநழுவிய காசும் சேர்ந்துகொண்டது. சிமென்ட் தரையில் விழுந்தால் சத்தம் கேட்டு எடுத்துவிடலாம், புல்லில் விழுந்தால் ஏது சத்தம்? மிச்ச வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும். அது அடிமண்ணை மேலே தள்ளத் தள்ள, மேலே கிடப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும் (டார்வின் இதைப் பல வருஷம் பொறுமையாகக் கவனித்து எழுதியிருக்கிறார்).

பெரியவர் குறி வைப்பது அநேகமாக 1964-ம் அதற்கு முந்தியதுமான ஆண்டு பொறித்த டைம், குவாட்டர், அதாவது பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகள். அவற்றில் 90 சதவீதம் வெள்ளி. 1965-ல் சட்டத்தை மாற்றி, உள்ளே செம்பும் வெளியே செம்பு-நிக்கல் கலவையுமாக ஆக்கிவிட்டார்கள். பழைய குவாட்டரின் எடை 6.25 கிராம், அதில் ஐந்தரை கிராமுக்கு மேல் வெள்ளி. ஐம்பது வருஷம் மண்ணில் கிடந்தாலும் பெரும்பாலும் விளிம்பு பளிச்சென்றுதான் வெளியே எட்டிப் பார்க்கும். 1982-க்குப் பிறகு வந்த ஒரு சென்ட் இதற்கு நேர் எதிர். உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பனிக்காலத்தில் சாலைக்குப் போடும் உப்பும் சேர்ந்து அரித்துத் தின்றுவிடும்.

கே: எனக்கும் ஆசை வந்துவிட்டது. டிடெக்டர் வாங்கினால் போட்ட பணம் திரும்புமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

ப: பணத்தைத் திரும்ப எடுக்கிற எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். பத்து தடவை தோண்டினால் பெரும்பாலும் பாட்டில் மூடி, ஆணி, அலுமினியத் தாள், பீர் கேன் திறக்கிற வளையம் இவைதான் வரும். மிஷின் தன் சுருளிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, அதனால் உலோகத்தில் ஒரு சின்ன மின்னோட்டம் சுழல்கிறது, அது எழுப்பும் புலத்தை மிஷின் திரும்ப வாங்கி, எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து ஒரு எண் காட்டுகிறது. வெள்ளி என்றால் எண் மேலே நிற்கும். ஆனால் தங்க மோதிரமும், ஐந்து சென்ட் நிக்கலும், அந்தப் பாழாய்ப்போன கேன் வளையமும் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் வந்து நிற்கும். குப்பையைத் தோண்டச் சலித்துக்கொள்கிறவருக்குத் தங்கம் கிடைக்காது, அவ்வளவுதான்.

அனுமதி விஷயம் கொஞ்சம் சிக்கல். அந்தப் பட்டை பொதுவாக நகராட்சியின் சாலை எல்லைக்குள் வரும், புல் வெட்டுவது மட்டும் வீட்டுக்காரர். சில ஊர்களில் பொது இடத்தில் தோண்டவே தடை உண்டு, முதலில் அதை விசாரியுங்கள். தடை இல்லையென்றாலும் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தன் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆள் தோண்டும் கத்தியோடு மண்டியிட்டால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். தேசியப் பூங்காக்கள் பக்கம் மிஷினோடு போகவே போகாதீர்கள். இன்னொன்று, இன்டர்நெட் கேபிளும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயும் அந்தப் பட்டையில் கையகல ஆழத்திலேயே ஓடுவது உண்டு. 811-ஐ அழைத்தால் பொதுக் கேபிள், கேஸ் குழாய் போகும் தடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள், தோட்டக் குழாயை மட்டும் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

தோண்டும்போது புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டுங்கள், நாலாவது பக்கம் வேரோடு நிற்கட்டும். கதவு மாதிரி திறந்து, மண்ணை ஒரு துண்டின் மேல் கொட்டித் தேடிவிட்டு, அத்தனையையும் உள்ளே போட்டு மூடிக் காலால் அழுத்துங்கள். கோடை வறட்சியில் செய்யாதீர்கள், புல் கருகி உங்களைக் காட்டிக்கொடுக்கும். காசு கிடைத்த சந்தோஷத்தில் விரலால் தேய்க்கவும் கூடாது. ஒட்டியிருக்கும் மணல் துகள் கீறல் போட்டால் சேகரிப்பாளரிடம் விலை போகாது, தண்ணீரில் ஊறவிடுங்கள்.

எங்காவது பழைய நடைபாதையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், வேலைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அன்று மாலையே போங்கள். சிமென்டுக்கு அடியில் இத்தனை நாளும் யாரும் தேடியிருக்க முடியாது.

கே: மோதிரம் கிடைத்தால்?
– ஒரு வாசகி, சிகாகோ

ப: உள்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிக்கும்போது வாங்கும் மோதிரங்களில் பள்ளியின் பெயரும் ஆண்டும் இருக்கும், பல சமயம் உள்ளே பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். பள்ளிக்கு ஒரு போன் போட்டால் உரியவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

கே: எங்கள் அமராவதி ஆற்றுமணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருக்கின்றன. இங்கே டிடெக்டரோடு இறங்கலாமா?
– ஒரு வாசகர், கரூர்

ப: வேண்டாம் சார். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே (அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் மாற்றவில்லை) கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், இரண்டுமேகூட. தற்செயலாகக் காலில் தட்டுப்பட்டால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள், பொற்கொல்லர் கடைக்கு அல்ல.