துருக்கியரும் பாரசீகரும் மாறி மாறிப் பிடித்த மாகாணங்கள்: கேள்வி பதில்

உதுமானியத் துருக்கியருக்கும் சஃபவி பாரசீகருக்கும் நடுவில் கிடந்து அல்லாடிய நிலப்பகுதியைப் பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பல வருடமாக விடாமல் படித்துவரும் விஷயம். ஒன்றிரண்டு பதில் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், எந்தெந்த ஊர்களுக்காக அடித்துக்கொண்டார்கள்?

வடக்கே ஜார்ஜியா, ஷிர்வான். நடுவில் கார்ஸ், வான், யெரவான், தப்ரீஸ். தெற்கே குர்து மலைகள், பாக்தாத், பஸ்ரா. இன்றைய வரைபடத்தில் ஆறு நாடுகளில் சிதறிக் கிடக்கிற இடங்கள் இவை.

1514-ல் சல்திரான் போரில் துருக்கிய சுல்தான் சலீம், பாரசீக ஷா இஸ்மாயிலை அடித்து நொறுக்கினார். பாரசீகத் தலைநகர் தப்ரீஸுக்குள்ளும் நுழைந்தார். அப்புறம் ஏன் விட்டுவிட்டுத் திரும்பினார்?

குளிர்காலம்தான் காரணம். மார்ச் மாதம் எதிர்னேயிலிருந்து கிளம்பிய படை, ஆகஸ்ட் 23 அன்றுதான் சல்திரானில் எதிரியைச் சந்தித்தது. வழியெல்லாம் பாரசீகர்கள் பயிரைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கியிருந்தார்கள். குதிரைக்குத் தீவனம் இல்லை, ஆளுக்குச் சோறு இல்லை. பீரங்கியும் துப்பாக்கியும் போரை ஜெயித்துக் கொடுத்தன. ஆனால் தப்ரீஸ் பனியில் குளிர்காலத்தைக் கழிக்க, ஜானிசரி என்ற சுல்தானின் நிலைப்படை வீரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சலீம் தப்ரீஸின் கைவினைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் அடுத்த நூறு வருடச் சண்டையும் விளங்கிவிடும். இஸ்மாயிலுக்கு அடுத்து வந்த ஷா தஹ்மாஸ்ப், சலீமின் மகன் சுல்தான் சுலைமானோடு நேருக்கு நேர் பெரிய போருக்கு நிற்கவே இல்லை. எதிரி வந்தால் ஊரைக் காலிசெய்து, வயலை எரித்து, கிணற்றைத் தூர்த்துவிட்டு விலகிப்போவார். பனி விழுந்ததும் துருக்கியர் திரும்புவார்கள், இவர் மறுபடி வருவார். கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாட்டைக் காப்பாற்றியது அந்த உத்திதான். எரிந்த வயல் யாருடையது என்று கேட்டால்தான் மனம் கனக்கிறது. உழுதவர்கள் ஆர்மேனியரும் குர்துகளும்.

எல்லாம் சன்னி, ஷியா சண்டைதானே ஐயா?

பாதிதான் உண்மை. 1501-ல் இஸ்மாயில் ஷியாவை அரசு மதமாக்கியதும், 1508-ல் பாக்தாதைப் பிடித்தபோது சன்னிகள் போற்றும் இமாம் அபூ ஹனீஃபாவின் அடக்கத்தலம் சிதைக்கப்பட்டதும் நடந்தவைதான். ஆனால் 1534-ல் அதே பாக்தாதுக்கு வந்த சுலைமான், அந்தத் தலத்தைச் சீரமைத்த கையோடு ஷியாக்களின் புனித ஊர்களான கர்பலாவுக்கும் நஜஃபுக்கும் போய்வந்தார். பட்டு வணிகத்தின் சுங்கம் இன்னொரு பெரிய காரணம். 1612 உடன்படிக்கையில் வருடத்துக்கு 200 சுமை பட்டைத் துருக்கியருக்கு அனுப்ப அப்போதைய பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் சம்மதித்தார். 1618-ல் அது நூறாகக் குறைந்தது.

மொழியையும் கவனியுங்கள். சுல்தான் சலீம் கவிதை எழுதியது பாரசீகத்தில். ஷா இஸ்மாயில் எழுதியது பெரும்பாலும் துருக்கியில்.

பாக்தாத் எத்தனை முறை கைமாறியது?

1508-ல் சஃபவிகளுக்கு, 1534-ல் துருக்கியருக்கு, 1624 தொடக்கத்தில் மறுபடி சஃபவிகளுக்கு, 1638 டிசம்பரில் மறுபடி துருக்கியருக்கு. இதில் மூன்றாவது கதை முக்கியம். பக்ர் சுபாஷி என்ற உள்ளூர்ப் படை அதிகாரி நகரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். சுல்தான் படை அனுப்பியதும் ஷா அப்பாஸை உதவிக்குக் கூப்பிட்டார். சுல்தான் பதவி தருகிறேன் என்றதும் ஷாவை வராதே என்றார். ஷா விடவில்லை. முற்றுகையில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது பக்ரின் சொந்த மகன். அப்பனுக்குக் கிடைத்தது மரண தண்டனை. பேரரசர்களை மட்டும் பார்த்தால் இந்த வரலாறு புரியாது. கதவுச் சாவி எப்போதும் உள்ளூர்க்காரர் இடுப்பில்தான் இருந்தது.

1639 ஸுஹாப் உடன்படிக்கையில் போட்ட எல்லைக்கோடுதான் இன்றுவரை மாறாமல் இருக்கிறது என்கிறார்களே?

அதில் கோடே கிடையாது. எந்தக் கோட்டை யாருக்கு, எதை இடிக்க வேண்டும், எந்தக் குலம் யாருக்கு என்ற பட்டியல்தான் அது. குர்துகளின் ஜாஃப் குலத்தில் சில கிளைகள் சுல்தானுக்கு, சில கிளைகள் ஷாவுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். ஜாஃப்கள் ஆடு மேய்ப்பவர்கள். கோடையில் மலைக்கு ஏறுவார்கள், குளிருக்குச் சமவெளிக்கு இறங்குவார்கள். அவர்கள் கால்நடை போகிற வழி எந்த அரசனுடையது?

மாறாமலும் இல்லை. 1722-ல் பாரசீகத் தலைநகர் இஸ்ஃபஹான் ஆப்கானியரிடம் விழுந்ததும் துருக்கியர் யெரவானையும் தப்ரீஸையும் பிடித்தார்கள். பிறகு பாரசீகத்தை ஆண்ட நாதிர் ஷா அவற்றை மீட்டு, 1746-ல் பழைய ஸுஹாப் ஏற்பாட்டுக்கே திரும்பினார். 1847-ல் சுலைமானியா மீதான உரிமையை ஈரான் விட்டுக்கொடுத்து, முஹம்மராவையும் அபாதானையும் பெற்றது. எல்லைக்கல் நட்டது 1914-ல்தான்.

சாதாரண மக்கள் என்ன ஆனார்கள் அண்ணா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1604-ல் துருக்கியப் படை நெருங்கியபோது ஷா அப்பாஸ், எதிரிக்கு எதுவும் மிஞ்சக்கூடாது என்று அராஸ் ஆற்றங்கரை ஆர்மேனியரைக் கூண்டோடு கிளப்பினார். ஆற்றைக் கடக்கும்போதே பலர் மூழ்கிப் போனார்கள். ஜுல்ஃபா என்ற பணக்கார வணிக ஊர் கொளுத்தப்பட்டது. அதன் மக்களை இஸ்ஃபஹான் பக்கம், அங்கே ஓடும் ஸாயந்தே ஆற்றின் தென்கரையில் குடியமர்த்தினார். அது புதிய ஜுல்ஃபா ஆனது. பட்டு வணிகம் அவர்கள் கைக்கு வந்தது, கப்பலேறிச் சென்னைவரை வந்தார்கள். பாரிமுனையில் ஆர்மேனியன் தெருவைத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். 'ஆர்மேனியன்' நம் வாயில் அப்படி ஆனதுதான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் முதல் பாலம் கட்டிக் கொடுத்த பெட்ரஸ் உஸ்கான், அந்தப் புதிய ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர்.