மனம் புண்பட்டால் வழக்கா? பத்திரிகையும் மதமும்: கேள்வி பதில்

பத்திரிகை வழக்குகளை எடுத்து நடத்துகிற வழக்கறிஞர் என்பதால் என்னிடம் இந்த வகைக் கேள்விகள்தான் அதிகம் வரும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் சொல்வதையும் என் கருத்தையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

மேடம், திருச்சியில் ஒரு சிற்றிதழ் நடத்துகிறேன். ஒரு தலபுராணத்தை விமர்சித்து வந்த கட்டுரைக்காக ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார்கள். உடனே கைது செய்துவிடுவார்களா?

செய்ய அதிகாரம் இருக்கிறது, ஆனால் எடுத்த எடுப்பில் செய்யக் கூடாது. மத அவமதிப்பைத் தண்டிக்கிற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் கேட்டுத்தான் பெற வேண்டும். பயம் வருவது இதனால்தான்.

ஆனால் பிரிவை முழுதாகப் படியுங்கள். யாரோ ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் குற்றம் ஆகாது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு, ஒரு பிரிவினரின் மத உணர்வைக் கொதிக்கவைக்க வேண்டும் என்றே அந்த மதத்தை அவமதித்திருக்க வேண்டும். 2013-இல் ஒரு வணிக இதழ் தோனியை விஷ்ணு மாதிரி பல கைகளோடு அட்டையில் போட்டது. ஒவ்வொரு கையிலும் அவர் விளம்பரம் செய்த ஒரு பொருள், அதில் ஒரு ஷூவும் இருந்தது. ஆந்திராவில் அனந்தபூரில் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2017-இல் அதை ரத்து செய்தபோது, கவனக்குறைவாகவோ தெரியாமலோ தீய நோக்கம் இல்லாமலோ நடந்த அவமதிப்பு இந்தப் பிரிவுக்குள் வராது என்று தெளிவாகச் சொன்னது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் பதினான்கு நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இடம் தருகிறது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகாரென்றால் அந்த விசாரணையை நடத்துவதே சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொற்களின் விளைவை எடைபோடும்போது, எதற்கெடுத்தாலும் ஆடிப்போகிற மனதை வைத்துப் பார்க்காதே, திடமான, நியாயமான மனிதரை வைத்துப் பார் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலோடு எழுத்து மூலமாக ஸ்டேஷனில் ஒரு மனு கொடுங்கள். முன்ஜாமீன் மனுவையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையாளர் எந்த நூல்களைப் பார்த்து எழுதினார், நீங்கள் அவருக்கு என்ன மெயில் அனுப்பினீர்கள், எதை வெட்டினீர்கள், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நல்ல நோக்கத்துக்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது? வெள்ளைக்காரன் போட்டதா?

போட்டது அவர்கள் ஆட்சியில்தான், ஆனால் நம்மவர்கள் கேட்டுத்தான் போட்டார்கள். 1924-இல் லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் நபிகள் நாயகத்தின் இல்வாழ்க்கையைக் கேலி செய்யும் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அன்று கையில் இருந்தது 153ஏ மட்டும். அது இரு சமூகங்களுக்கு இடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கிற பிரிவு. கீழ்க் கோர்ட்டுகள் தண்டித்தன. 1927-இல் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலிப் சிங், நூல் கேவலமானதுதான், ஆனால் மறைந்த மதத் தலைவரைத் தாக்குவது இந்தப் பிரிவுக்குள் அடங்காது என்று விடுதலை செய்தார். ஊர் கொந்தளித்தது. 'முஸ்லிம் அவுட்லுக்' என்ற லாகூர் பத்திரிகை அந்த நீதிபதி பதவி விலக வேண்டும் என்று தலையங்கம் எழுத, நீதிமன்ற அவமதிப்பு என்று ஆசிரியரையும் உரிமையாளரையும் சிறைக்கு அனுப்பினார்கள். நபியை இழிவுபடுத்திய பதிப்பாளர் வெளியே, அதைக் கண்டித்த பத்திரிகைக்காரர் உள்ளே என்றால் கோபம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பாருங்கள். அந்தச் சூட்டில் அதே ஆண்டு 295ஏ வந்தது.

மசோதா விவாதத்தில் ஜின்னா ஒன்று சொன்னார்: வரலாறு எழுதுபவர்கள், உண்மையைத் தேடுபவர்கள், மதத்தை நேர்மையாக விமர்சிப்பவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று. பிரிவில் தீய நோக்கம் என்ற சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒரு காரணம். சட்டம் வந்ததால் ராஜ்பால் பிழைத்தாரா? இல்லை. 1929 ஏப்ரலில் இல்முதீன் என்ற இளைஞர் அவரைக் கடையிலேயே குத்திக் கொன்றார். அதே ஆண்டு இல்முதீனைத் தூக்கிலிட்டார்கள். தண்டனைச் சட்டம் இருந்தால் கத்தி கீழே இறங்கும் என்று இன்றும் வாதாடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பெரியார் பிள்ளையாரையே உடைத்தார், ஒன்றும் ஆகவில்லை. இன்று முடியுமா தோழர்?

ஒன்றும் ஆகவில்லை என்பது பாதி உண்மை. 1953 மே மாதம் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். வெறும் மண் பொம்மை வழிபாட்டுக்குரிய பொருள் ஆகாது என்று மாஜிஸ்திரேட் முதல் உயர் நீதிமன்றம் வரை தள்ளுபடி செய்தார்கள். 1958-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவ்வளவு அற்பமான பொருளானாலும் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் 295 பொருந்தும் என்றது. நிகழ்ச்சி நடந்து காலம் போய்விட்டது என்பதால்தான் பெரியார் மேல் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. அது பொருளைச் சேதப்படுத்துவது பற்றிய பிரிவு, எழுத்துக்கு வேறு பிரிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன் சகோதரி. மாதாவைக் கேவலமாகப் படம் போட்டால் எனக்கு வலிக்கிறது. எழுதுகிறவனுக்கு மட்டும்தான் உரிமையா?

உங்கள் வலி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை என்பது பலருக்கு அம்மா அப்பா மாதிரி, அதைத் திட்டினால் சுருக்கென்று குத்தத்தான் செய்யும். உங்களுக்கும் உரிமை இருக்கிறது: எழுதலாம், அந்தப் பத்திரிகையை வாங்காமல் விடலாம், வாசலில் அமைதியாக மறியல் செய்யலாம், பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். எழுதியவரை ஜெயிலில் போடு என்று கேட்பதுதான் வேறு விஷயம்.

நான் பிடித்துக்கொள்கிற கோடு ஒன்றே ஒன்று. நம்பிக்கையைத் தாக்கலாம், நம்புகிற மனிதர்களைத் தாக்கக் கூடாது. 'உங்கள் வேதத்தில் இருப்பது கட்டுக்கதை' என்று எழுதுவதும், 'இந்த மதத்துக்காரனுக்கு வீடு கொடுக்காதே' என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தண்டிக்க வேண்டும், நமக்கு அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வேடிக்கை பாருங்கள், கோர்ட்டில் நான் அதிகம் பார்ப்பது முதல் வகை வழக்குகளைத்தான்.

அக்கா, நான் நிருபர். சார்லி எப்டோ கார்ட்டூன் பற்றி எழுதும்போது அந்தப் படத்தையே போடலாமா?

செய்திக்காகப் போடுவது தீய நோக்கம் ஆகாது, என் சட்டக் கருத்து இது. ஆனால் ஷிரின் தல்விக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு முடிவெடு. மும்பையில் 'அவத்நாமா' என்ற உருது நாளிதழின் ஆசிரியர் அவர். 2015 ஜனவரியில், பாரிஸில் சார்லி எப்டோ என்ற கேலி இதழின் அலுவலகத்தில் நடந்த கொலைகளுக்குப் பின், அந்த சார்லி எப்டோவின் அட்டைப்படம் ஒன்றைச் செய்தியோடு போட்டார். பல ஊர்களில் வழக்கு, கைது, ஜாமீன். மும்பைப் பதிப்பே மூடப்பட்டது, வேலை போனது, முகத்தை மறைத்துக்கொண்டு நடமாட வேண்டிய நிலைமை. அவரும் ஒரு முஸ்லிம் என்பதையோ, உருதுவில் ஒரு பெண் ஆசிரியர் பொறுப்பில் இருப்பது எவ்வளவு அரிது என்பதையோ யாரும் யோசிக்கவில்லை. அதற்கு முன் 2009-இல் கொல்கத்தாவில் 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியரையும் வெளியீட்டாளரையும், லண்டன் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை மறுபிரசுரம் செய்ததற்காகக் கைது செய்தார்கள். மதங்களை ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்ட கட்டுரை அது.

தண்டனை கிடைப்பது அபூர்வம் தங்கச்சி. வழக்கு நடக்கும் வருஷங்கள்தான் தண்டனை. ஊர் ஊராக எஃப்.ஐ.ஆர். போட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் போகலாம், ஆனால் அதற்குக் காசும் ஆளும் வேண்டும். உன் நிர்வாகம் கடைசி வரை கூட நிற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட நாட்டிலயும் இதே சட்டமா?

தண்டனைச் சட்டக் கோவையில் இதே வேரில் வந்த பிரிவுகள் உண்டு. அதைவிடக் கடுமையாக அங்கே பயன்பட்டது 2007-ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தம்) சட்டம்தான், அதில் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம்தான் தரலாம். சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நாலு மாதம் விளக்கமறியலில் இருந்தார், 2021-இல்தான் வழக்கிலிருந்து விடுவித்தார்கள். மனித உரிமை ஒப்பந்தத்தை நிறைவேற்றப் போட்ட சட்டத்தால் ஒரு கதாசிரியரை உள்ளே வைத்தது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அப்போ 299-ஐயே நீக்கிவிடலாம் என்கிறீர்களா? ஊர் எரியாதா?

நீக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. பேச்சைக் கட்டுப்படுத்தக் காரணங்களாக அரசியலமைப்பின் 19(2) பட்டியலிடுவதில் பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது. மத உணர்வு இல்லை. 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில், 'கௌரக்ஷக்' என்ற மாத இதழின் ஆசிரியர் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். பொது ஒழுங்கின் நலனுக்காக என்ற சொல் விரிவானது என்று ஐந்து நீதிபதிகள் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அது இன்னும் நிற்கிறது.

நீக்கும் வரைக்கும் ஒரு திருத்தமாவது வேண்டும். இன்று அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது, ஆனால் அந்த அனுமதி இல்லாமலே போலீஸ் வீட்டுக்கு வந்து அழைத்துப் போகலாம். அனுமதியைக் கைதுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், பாதி வழக்கு பிறக்கவே பிறக்காது. ஊர் எரியும் என்ற பயத்துக்கு 1989-இல் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே பதில் இருக்கிறது: வன்முறை செய்வோம் என்று மிரட்டுகிறவர்களுக்காகப் பேச்சை அடக்கக் கூடாது, பேசுகிறவரைக் காப்பது அரசின் கடமை. அந்தக் கடமையைத் தவறினால் என்ன நடக்கும் என்று 2017-இல் கோவையில் நாத்திகர் ஃபாரூக்கை வெட்டிக் கொன்றபோது பார்த்தோம்.

கடைசியாக ஒன்று. மன்னிப்புக் கேட்டுவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. புகார்தாரரோடு சமரசமாகப் போய் முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. ஷிரின் தல்வி முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகுதான் கைது நடந்தது. வருத்தம் தெரிவிப்பது என்று முடிவெடுத்தால், எழுதியதை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 'தவறான நோக்கத்தோடு வெளியிட்டுவிட்டோம்' என்று ஒரு வரி அவசரத்தில் விழுந்தால், எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.